நொண்டியின் சிந்தும் அண்ணாவியாரின் தாளமும்

கர்ணனையும் இராவணனையும் கூத்துக் களரியில் கண்ட அளவுக்கு நாம் நொண்டியைக் கண்டதில்லை. மூதூர், சம்பூர்ப் பக்கத்து ஊர்களிலும் கூத்து என்றால் பெரும்பாலும் வீரமும் சோகமுந்தான். நகைச்சுவைக் கூத்தை எடுத்தாடுவோர் அரியர்.

17ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டுத் தமிழகத்தில் எழுந்தவை நொண்டி நாடகங்கள். தாசியிடம் பொருளையெல்லாம் தோற்ற ஒருவன், குதிரை திருடப் போய்ப் பிடிபட்டுக் காலை இழக்கிறான்; பின்னர் இறையருளால் அக்காலை மீளப் பெறுகிறான். திருச்செந்தூர் முருகன்மீது பாடப்பெற்றதும் உண்டு. வள்ளல் சீதக்காதியின் பெயரால் எழுந்த இசுலாமிய நாடகமும் உண்டு. பல சமயத்தவரும் கலந்து வாழும் திருகோணமலைக்கு இதைவிடப் பொருத்தமான கூத்து வேறு எது?

ஆயினும் ஒரு தயக்கம் உண்டு. 2009இல் முடிந்த போர் நம் பகுதியில் பலரது காலைக் கொண்டுபோயிற்று. அவர்தம் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். நொண்டி என்ற சொல்லே இன்று செவிக்குக் கடுமையாயிருக்க, அவர்கள்முன் இக்கூத்தை ஆடலாமா?

ஆடலாம் என்பதே என் கருத்து. ஆனால் அது அண்ணாவியாரின் கையில் இருக்கிறது.

மேலைநாட்டு இசைநாடகத்தில் நடத்துநர் மேடைக்கு முன்னே, கீழே நின்று கோலசைப்பார். நம் அண்ணாவியாரோ மத்தளமோ தாளமோ ஏந்திக் களரியிலேயே நிற்பவர். நொண்டியாக வருபவன் ஒரு காலை மடித்துக் கட்டி, நொண்டிச் சிந்தில் தன் கதையைத் தானே பாடிக்கொண்டு தாவுகிறான். அண்ணாவியார் தாளத்தை விரைவுபடுத்தினால் அவன் தடுமாறுவான். சபை அவன் காலைப் பார்த்துச் சிரிக்கும். தாளம் நிதானமாக நின்றாலோ ஒவ்வொரு தாவலும் அடியில் வந்து விழும். சொல் தெளிவாகக் கேட்கும். அப்போது சபை சிரிப்பது அவன் பேராசையைக் கண்டு. அதைச் சொல்லிச் சிரிக்கவைப்பவனும் அவனே. இந்தச் சிந்து கேலிக்கு மட்டும் உரியதன்று. பாரதியார் 'பாரத ஜனங்களின் தற்கால நிலைமை'யைப் பாட எடுத்ததும் நொண்டிச் சிந்தையே.

1957 வரை ஆங்கிலக் கடற்படை நம் துறைமுகத்தில் தங்கியிருந்தது. அந்தக் கடற்படையையே நகையாடும் 'பினபோர்' என்னும் இசைநாடகம் 1878இல் இலண்டனில் அரங்கேறியது. அதை எழுதிய கில்பெர்ட் நடிகருக்கு விதித்த விதி ஒன்றுதான்: தாம் சொல்வது நகைப்புக்குரியது என்று அறியாதவர்போலவே நடிக்கவேண்டும். நம் அண்ணாவிமாருக்கு இது புதிய பாடமன்று.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்' ஆகியவற்றை மேடையேற்றினார். விடியவிடிய ஆடும் கூத்தைச் சில மணிக்குள் அடக்கியது அவர் காட்டிய வழி. இன்று சுருக்க முனைவோர் பெரும்பாலும் பிற்பாட்டிலேயே கைவைக்கிறார்கள். நகைச்சுவைக் கூத்தில் அது பெருங்கேடு. பிற்பாட்டுக்காரர் அடியைத் திருப்பிப் பாடும்போதுதான் சபை சிரித்து முடிக்கும்; அடுத்த அடி சிரிப்பில் அமுங்காது. வெட்டுவதாயின் ஒரு சம்பவத்தை முழுதாக வெட்டலாம்.

கால் மீளும் கட்டம் இருக்கிறதே, அதைத் திரைக்குப் பின்னே மறைப்பது எனக்கு உடன்பாடன்று. எல்லாரும் பார்க்க நடிகனே கயிற்றை அவிழ்க்கட்டும். அவிழ்த்து முடியும்வரை அண்ணாவியார் தாளத்தை நிறுத்தி நிற்கட்டும். பிறகு இரு காலுக்கும் மத்தளம் ஒலிக்கட்டும்.