'உன்னை வரச் சொல்றேன்': லத்தீன் படிக்கும்போது தமிழ் கைகொடுத்த இடமும் கவுத்துவிட்ட இடமும்

ஒரு சின்ன அவமானத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். முதல் வேலைல சேர்ந்த புதுசு. ஒரு மெயில்ல "ஷீ இஸ் சீனியர் தேன் மீ"ன்னு எழுதிட்டேன். டீம் லீட் மொத்த டீமுக்கும் காப்பி போட்டு, "தேன் இல்ல, டு"ன்னு திருத்தி அனுப்பினார். ஏன்னு கேட்டேன். "ரூல் அப்படி"ன்னு முடிச்சுட்டார். காரணம் புரிய எனக்கு மூணு வருஷமும் ஒரு லத்தீன் பாடப்புத்தகமும் தேவைப்பட்டுச்சு.

சீனியர் அப்படியே லத்தீன் சொல். 'செனெக்ஸ்' என்றால் முதியவர், 'செனியோர்' என்றால் அவரைவிட வயது கூடியவர். 'யுவெனிஸ்' இளைஞர், 'யூனியோர்' இன்னும் இளையவர். அதுதான் ஜூனியர். சுப்பீரியர், இன்ஃபீரியர், பிரையர் எல்லாம் இதே குடும்பம். ஒப்பீடு இந்தச் சொற்களோட விகுதிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு. ஆங்கிலத்துக்குக் குடிவந்த பிறகும் இவை 'தேன்'கூட ஒட்டாம, 'டு'வோட தனியா நின்னுடுச்சு.

லத்தீன்ல இது எப்படி நடக்குதுன்னு பார்ப்போம். 'ஆல்டுஸ்' என்றால் உயரமான. 'ஆல்டியோர்' என்றால் இன்னும் உயரமான. 'ஆல்டிஸ்ஸிமுஸ்' என்றால் மிக உயரமான. தமிழ்ல பெயரடை இப்படி உருமாறாது. 'உயரமான' எப்பவும் 'உயரமான'தான். 'விட', 'இன்னும்', 'மிக' மாதிரி சொற்களைப் பக்கத்துல வச்சு வேலையை முடிச்சுடுவோம். ஒலிம்பிக் முழக்கமும் இந்த ஒப்பீடுதான்: 'கிட்டியுஸ், ஆல்டியுஸ், ஃபோர்டியுஸ்'. இன்னும் வேகமாக, இன்னும் உயரமாக, இன்னும் வலிமையாக. 2021-ல் நாலாவதா 'கொம்மூனிட்டெர்', அதாவது 'சேர்ந்து'ன்னு ஒரு சொல்லைச் சேர்த்தாங்க. அதுல மட்டும் ஒப்பீடு இல்லை. இலக்கணம் படிச்சவங்களுக்கு அது கொஞ்சம் உறுத்தும், எனக்கும் உறுத்துது.

சரி, 'சுவரைவிட மரம் உயரம்'னு லத்தீன்ல எப்படிச் சொல்றது? 'க்வாம்' போட்டுச் சொல்லலாம், அது ஆங்கில 'தேன்' மாதிரி. இல்லாட்டி 'ஆர்போர் மூரோ ஆல்டியோர் எஸ்ட்'. 'மூருஸ்' என்ற சுவர் 'மூரோ'ன்னு ஆச்சு, அவ்வளவுதான். 'விட'வுக்குத் தனிச்சொல்லே கிடையாது. இந்த வேற்றுமைக்கு ஆங்கிலத்துல 'அப்ளேட்டிவ்'னு பேர். முக்கியமா ஒண்ணுல இருந்து நீங்குறதைச் சொல்றதுக்கான வேற்றுமை. நீங்குறதுக்கான வேற்றுமை ஏன் ஒப்பிட வருது? என் புத்தகம் இதுக்கு அரைப் பக்கம் விளக்கம் குடுத்தும் எனக்கு ஏறலை.

அப்புறம்தான் பத்தாங்கிளாஸ் ஞாபகம் வந்துச்சு. ஐந்தாம் வேற்றுமை! 'இன்' உருபு. பொருள்: நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது. மார்க்குக்காக மனப்பாடம் பண்ணி, எக்ஸாம் ஹாலோட மறந்த பட்டியல். 'ஊரின் நீங்கினான்', இது நீங்கல். 'உயிரினும் மேலான'ன்னு மேடைல கேட்டிருப்பீங்களே? அதுலயும் அதே 'இன்'தான் இருக்கு, ஆனா ஒப்பிடுற வேலைல. அரைப் பக்கம் விளக்கியும் ஏறாதது ஒரே நிமிஷத்துல ஏறிடுச்சு. இதே பாதைல எதிர்ப்பக்கமா வந்தவர் வீரமாமுனிவர். இத்தாலில இருந்து வந்து, பேச்சுத் தமிழுக்கு லத்தீன்லயே இலக்கணம் எழுதினார். 1738-ல் தரங்கம்பாடில அச்சாச்சு.

இந்தத் தெம்புல அடுத்த பாடத்துக்குப் போனேன். அங்கதான் விழுந்தேன்.

பாடம் இன்ஃபினிட்டிவ். நம்ம 'செய', 'வர', 'போக' மாதிரி வினையெச்சம். 'அமாரே' என்றால் காதலிக்க. 'அமாரீ' என்றால் காதலிக்கப்பட. 'அமாவிஸ்ஸே' என்றால் காதலித்திருக்க. நாம துணைவினை சேர்த்துச் சொல்றதை லத்தீன் ஒரே சொல்லுக்குள்ள மடிச்சு வச்சிருக்கு. இதுவரைக்கும் ஓகே.

பயிற்சில ஒரு வாக்கியம்: 'டீகோ டே வெனீரே'. 'டீகோ' சொல்கிறேன். 'டே' உன்னை. 'வெனீரே' வர. இதைவிட ஈஸியா என்ன இருக்கு? "உன்னை வரச் சொல்றேன்"னு எழுதினேன். தப்பு. அதே மாதிரி பன்னிரண்டு வாக்கியம், பன்னிரண்டும் தப்பு. அது கட்டளையே இல்லை, செய்தி. சரியான அர்த்தம், "நீ வருகிறாய் என்று சொல்கிறேன்". நமக்கு 'என்று' இருக்கு, பேச்சுல 'னு'. பழைய லத்தீன்ல இந்த இடத்துக்கு அப்படி ஒரு இணைப்புச்சொல் வராது. அதுக்குப் பதிலா, யார் வர்றாங்களோ அவங்களை 'ஐ' வேற்றுமைக்கும், வினையை இன்ஃபினிட்டிவுக்கும் மாத்திடும். "நீ வந்தாய் என்று" சொல்லணும்னா 'டீகோ டே வேனிஸ்ஸே'. 'உன்னை வரச் சொல்றேன்'னு நிஜமாவே சொல்ல வேற வினை இருக்கு: 'யூபெயோ டே வெனீரே'. 'யூபெயோ' என்றால் கட்டளையிடுகிறேன்.

என் புத்தகத்துல இந்தத் தப்பைப் பத்தி ஒரு எச்சரிக்கையும் இல்லை. எப்படி இருக்கும்? அது ஆங்கிலத்துல யோசிக்கிறவங்களுக்காக எழுதினது. தமிழ்க் காதுக்கு எந்தப் பள்ளம் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியாது. இப்போ இன்ஃபினிட்டிவைப் பார்த்ததும் முதல்ல முக்கிய வினையைத் தேடுறேன். சொல்றது, நினைக்கிறது, கேள்விப்படுறதுன்னா மனசுக்குள்ள ஒரு 'னு' போட்டுக்குறேன்.

ஆனா 'னு' போட்டாலும் தீராத சிக்கல் ஒண்ணு இருக்கு. 'டீகோ டே மார்கும் வின்கெரே'. 'டே' உன்னை, 'மார்கும்' மார்கஸை, 'வின்கெரே' வெல்ல. யார் யாரை ஜெயிக்கிறாங்க? நீயா, மார்கஸா? ரெண்டு பேருமே 'ஐ' வேற்றுமைல நிக்கிறாங்க. இலக்கணப்படி ரெண்டு அர்த்தமும் சரி. தமிழ்ல இந்தக் குழப்பம் வரவே வராது. 'நீ மார்கஸை ஜெயிக்கிறன்னு'ன்னு சொன்னா முடிஞ்சது.

எப்பிரஸ் நாட்டு அரசன் பிர்ரூஸ், கி.மு. 280 வாக்கில் ரோமோட போருக்குப் போறதுக்கு முன்னாடி குறி கேட்டானாம். அப்பல்லோ தெய்வம் சொன்ன பதில் இதே அமைப்புல இருந்ததா என்னியுஸ் என்ற பழைய லத்தீன் கவிஞர் எழுதியிருக்கார். நீ ரோமர்களை வெல்ல முடியும். இல்லைன்னா, ரோமர்கள் உன்னை வெல்ல முடியும். பிர்ரூஸ் தனக்குப் பிடிச்ச அர்த்தத்தை எடுத்துக்கிட்டான். சில சண்டைல ஜெயிச்சான், ஆனா கி.மு. 275-ல் இத்தாலியை விட்டே கிளம்ப வேண்டியதாச்சு. இந்தக் கதையைப் பிற்காலத்துல சிசரோ கிண்டல் பண்ணினார். அவரோட முதல் ஆட்சேபம்: அப்பல்லோ எப்போ லத்தீன்ல பேசினார்?