‘தும்’ எங்கே போனது?

செல்போனில் ஒரு மிருதங்கக் கச்சேரியைப் போட்டு, அதன் சொந்த ஸ்பீக்கரிலேயே கேட்டுப் பாருங்கள். வலந்தலையில் விழுகிற அடியெல்லாம் கணீரென்று வரும். இடது பக்கம், தொப்பியில் எழுகிற ‘தும்’ மட்டும் வராது. வந்தாலும் அட்டைப்பெட்டியைத் தட்டின மாதிரிதான் இருக்கும். அதே பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டால் ‘தும்’ நெஞ்சில் வந்து மோதுகிறது. ஆக, ‘தும்’ பாட்டுக்குள்தான் இருந்திருக்கிறது. செல்போனால் அதை வெளியே கொண்டுவர முடியவில்லை.

பாட்டு என்று நாம் சேமித்து வைத்திருப்பது வெறும் எண்கள். சிடி தரத்தில் ஒரு நொடிப் பாட்டுக்கு, ஒரு காதுக்கு மட்டும் 44,100 எண்கள். மனிதக் காது நொடிக்கு ஏறக்குறைய 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கும். அந்த உச்சத்தையும் பிடிக்க அதன் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலே எண்கள் வேண்டும். எம்பி3-யும் ப்ளூடூத்தும் இதைச் சுருக்கிக் கொடுப்பவை. சுருக்கும்போது சில நுணுக்கங்கள் போகலாம், ‘தும்’ அங்கே தொலைவதில்லை. எண்கள் மின்சாரமாக மாறி ஸ்பீக்கருக்கு வந்த பிறகுதான் சிக்கல்.

பழுதான ரேடியோவிலிருந்து கழற்றின ஸ்பீக்கர் ஒன்று கிடைத்தால், 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை இரண்டு சிறு வயர்களால் அதன் முனைகளில் தொட்டு எடுங்கள். ‘டொக்’ என்று சத்தம்; காகிதக் கூம்பு முன்னால் எகிறும். பேட்டரியைத் திருப்பித் தொட்டால் கூம்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். (தொட்டபடியே வைத்திருக்காதீர்கள், வயர் சூடாகும்.) கூம்பின் அடியில் மெல்லிய கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் காந்தம், அவ்வளவுதான். அமெரிக்காவின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925-இல் விவரித்த ஏற்பாடு இது. பாட்டு எண்ணாக மாறி எவ்வளவோ காலமாகிவிட்டது; கடைசியில் காற்றைத் தள்ளுவது இன்றும் இந்தக் கூம்புதான்.

கட்டை ஓசைக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். நொடிக்கு 100 அதிர்வுள்ள ஓசைக்குக் கூம்பு தள்ளுகிற காற்றைப் போல 4 மடங்கைத் தள்ளினால்தான் 50 அதிர்வுள்ள ஓசை அதே பலத்தில் எழும். செல்போன் ஸ்பீக்கரோ விரல் நகத்தளவு. தாராளமாக முன்னும் பின்னும் அசையவும் அதற்கு இடமில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. கூம்பு முன்பக்கம் காற்றை நெருக்கும்போது பின்பக்கம் காற்று தளர்கிறது. ஸ்பீக்கரை வெறுமனே கையில் பிடித்தால், நெருங்கிய காற்று ஓரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடிவிடும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். கீச்சு ஓசையின் அலை சில சென்டிமீட்டர்தான், அது தப்பிவிடும். 50 அதிர்வுள்ள ஓசையின் அலையோ ஏறக்குறைய 7 மீட்டர் நீளம், அதுதான் மாட்டிக்கொள்ளும்.

நம் ஊர் வீடுகளிலும் டீக்கடைகளிலும் மண்பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுக் கேட்டது இதற்காகத்தான். பின்பக்கக் காற்று பானைக்குள் அடைபட்டதும் ‘தும்’ பிழைத்துக்கொண்டது. பானைக்கென்று சொந்தமாக ஒரு ‘கும்’ உண்டு, அது எல்லாப் பாட்டிலும் கலந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்தச் செலவில் அதைவிட நல்ல பெட்டி கிடைத்திருக்காது என்பது என் கட்சி.

கைக்கடக்கமான ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் பானைக்கு இடமில்லை. சிலவற்றின் இரு முனைகளிலும் ரப்பர் விளிம்புள்ள வட்டம் இருக்கும். பாட்டு ஓடும்போது விரல் வைத்துப் பாருங்கள், துடிக்கும். அதற்குக் காந்தமும் கிடையாது, வயரும் கிடையாது. உள்ளே அடைபட்ட காற்று உதைத்து அதை ஆட்டுகிறது, அது வெளிக்காற்றைத் தள்ளுகிறது.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வேலையை நம் மூளை செய்கிறது. பழைய லேண்ட்லைன் போன் 300 முதல் 3,400 அதிர்வு வரைதான் கடத்தும். ஆண் குரலின் அடிப்படை அதிர்வு சுமார் 100-ஐ ஒட்டி இருக்கும், அது போனில் வரவே வராது. ஆனாலும் அப்பாவின் குரல் கட்டையாகத்தானே கேட்டது! 400, 500, 600 என்று அதன் மடங்குகள் வந்து சேர, இடைவெளி 100 என்று பிடித்துக்கொண்டு, வராத 100-ஐ மூளையே போட்டுக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்டு, சின்ன ஸ்பீக்கர்களுக்காக அந்த மடங்குகளை வேண்டுமென்றே சேர்த்துத் தருகிற மென்பொருளும் வந்துவிட்டது.

காதில் செருகும் இயர்பட்ஸ் இத்துணூண்டுதான். அதில் மட்டும் ‘தும்’ எப்படி வருகிறது? அது அறைக் காற்றை அசைக்க வேண்டியதில்லை. செவிப்பறைக்கு முன்னால் அடைபட்ட துளிக் காற்றை அழுத்தினால் போதும். பாட்டு ஓடும்போதே அதைக் கொஞ்சம் வெளியே இழுங்கள்: பாடுகிறவர் குரல் அப்படியே இருக்கும், ‘தும்’ கசிந்து போய்விடும். டப்பாவில் இரண்டு மூன்று அளவுகளில் ரப்பர் முனைகள் தருவது அதனால்தான். பேஸ் போதவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிற அண்ணன் யாராவது வீட்டில் இருந்தால், முதலில் அந்த ரப்பரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.