குறையாத சம்பளத்தில் ஒரு குறை

“இந்த மாசம் என் சம்பளம் ஏன் குறையல?”

இப்படிக் கேட்டுக்கொண்டு மனிதவளப் பிரிவுக்கு யாராவது போவார்களா? என் தோழியின் அலுவலகத்தில் ஒருவர் போனார்.

2025 ஜனவரி மாதக் கடைசி. மசேநிதிக்கான மாதச் சம்பள உச்சவரம்பு அப்போதுதான் 6,800 வெள்ளியிலிருந்து 7,400 வெள்ளிக்கு உயர்ந்திருந்தது. அவருடைய சம்பளம் 7,500. வயது 55க்குக் கீழ் என்பதால் ஊழியர் பங்கு 20 விழுக்காடு. அதாவது 1,480 வெள்ளி பிடித்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் பழைய 1,360 வெள்ளியே இருந்தது. முதலாளியின் 17 விழுக்காட்டிலும் அதே பிழை. மொத்தத்தில் அவர் கணக்குக்கு 222 வெள்ளி குறைவாகப் போகவிருந்தது. வீட்டுக்கடன் தவணையை மசேநிதியிலிருந்து கட்டுபவர் என்பதால் கவனித்துவிட்டார்.

தோழிக்குத் திகைப்பு. புதிய உச்சவரம்பை டிசம்பரிலேயே சம்பள மென்பொருளில் பதிந்துவிட்டாளே! பிப்ரவரி 14க்குள் பணம் போய்ச் சேராவிட்டால் நிறுவனம் வட்டி கட்ட வேண்டும். மென்பொருளை விற்றவர்களை அழைத்துச் சத்தம் போடக் கிளம்பியவளை மேலாளர் நிறுத்தினார்.

“சாஃப்ட்வேர் கோளாறுன்னா எல்லாருக்கும் தப்பா வந்திருக்கணுமே. யார் யாருக்குத் தப்புன்னு முதல்ல பாரும்மா.”

பார்த்தாள். ஆறு பேர். ஆறு பேருமே ஒரே கிளை. அதே சம்பளம் வாங்கும் வேறு கிளை ஊழியரின் விவரத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டாள். அந்த ஒரு கிளைக்கு மட்டும் 6,800 என்று தனியாகப் பதிவாகியிருந்தது. இதுபோன்ற மென்பொருளில் கிளைக்கெனத் தனியாக ஒன்றைப் பதிந்தால், நிறுவனம் முழுமைக்குமான பொது அமைப்பு அங்கே செல்லாது.

பதிந்தது யார்? மாற்றப் பதிவேட்டைத் திறந்தாள். 2024 ஜனவரி. அவள் பெயரே இருந்தது! அந்தக் கிளையின் சம்பளத்தை அவசரமாக முடிக்க, “இப்போதைக்கு” என்று செய்தது. பிறகு மறந்தே போனது.

வானொலியில் நான் ஒரு தேதியைத் தப்பாகச் சொன்னால் அடுத்த பாட்டு முடிவதற்குள் நேயர் ஒருவர் அழைத்துவிடுவார். மென்பொருள் அப்படி இல்லை. தப்பான எண்ணைக் கொடுத்தாலும் சத்தமில்லாமல் சரியாகக் கணக்குப் போட்டுத் தந்துவிடும். கையில் வரும் தொகை குறையாதபோது நாமும் கேட்பதில்லை. மற்ற ஐந்து பேர் கேட்கவே இல்லை.

தோழி அந்தத் தனிப் பதிவை நீக்கினாள். வேறு எதையும் தொடாமல், சோதனைக் கணக்கு ஒன்றை ஓட்டிப் பார்த்தாள். 1,480 வந்தது. பிறகே உண்மையான கணக்கில் மாற்றினாள். இப்போது எதை மாற்றினாலும், ஏன் மாற்றினோம், எப்போது நீக்க வேண்டும் என்று குறிப்பு எழுதிவைக்கிறாள்.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலைச் சட்டத்துக்கு உட்பட்ட ஊழியர்களுக்கு விவரமான சம்பளச் சீட்டு தர வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். உச்சவரம்பு 2026 ஜனவரி முதல் 8,000 வெள்ளி. உங்கள் சீட்டை எடுத்து அந்த வரியை ஒருமுறை பாருங்கள். சம்பளம் கூடினாலும் குறைந்தாலும், குறைய வேண்டிய மாதத்தில் குறையாவிட்டாலும், கேளுங்கள்.