இடுப்பு வலியா? முதலில் எந்த இடம்னு பாருங்க

'இடுப்பு வலிக்குது டாக்டர்' என்று வருபவர்களில் பலர் தொட்டுக் காட்டுவது கீழ்முதுகை. நம் பேச்சில் கீழ்முதுகு, பிட்டம், தொடையின் மேல்பகுதி எல்லாமே இடுப்புதான். ஆனால் இடுப்பு மூட்டு என்பது தொடை எலும்பின் பந்து போன்ற தலை, இடுப்பெலும்பின் கிண்ணத்தில் பொருந்தும் இடம். அதில் கோளாறு என்றால் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே வலிக்கும். முழங்காலை எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கும்!

பக்கவாட்டில் வலித்து, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை என்றால் பெரும்பாலும் அங்குள்ள தசைநாண் பிரச்சினை. பிட்டத்தில் தொடங்கி காலில் 'சுரீர்' என்று இறங்கினால் முதுகுத்தண்டு நரம்பைச் சந்தேகிக்கலாம். காலையில் எழும்போது அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், நடமாடினால் தேவலை என்றால் அது சேரில் உட்கார்ந்த வலி இல்லை. முதுகுத்தண்டு அழற்சி நோயாக இருக்கலாம். இது இளம் வயதிலேயே தொடங்கக்கூடியது.

மூட்டுத் தேய்மானம் பொதுவாக வயதானவர்களுக்கு வருவது. 30, 40 வயதுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறொன்று: ரத்த ஓட்டம் குறைந்து, தொடை எலும்பின் தலைப்பகுதி செத்துப்போகும் 'அவாஸ்குலர் நெக்ரோசிஸ்'. அதிக அளவிலோ நீண்ட நாட்களோ ஸ்டீராய்டு எடுத்தவர்கள், நிறைய மது குடிப்பவர்கள், விபத்தில் இடுப்பில் அடிபட்டவர்களுக்கு ஆபத்து அதிகம். சம்மணம் போட முடியாது, பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது தொடை இடுக்கில் பிடிக்கும், நடை லேசாக நொண்டும். சிக்கல் என்னவென்றால், ஆரம்பத்தில் எக்ஸ்ரே நார்மலாகவே வரலாம், எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். 'எக்ஸ்ரேல ஒண்ணுமில்ல' என்று வலி மாத்திரையிலேயே மாதங்களை ஓட்டினால் எலும்பு நொறுங்கிவிடலாம். அதற்கு முன்பே கண்டுபிடித்தால் சொந்த மூட்டைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. நொறுங்கிவிட்டால் பலருக்குச் செயற்கை மூட்டு தேவைப்படும். ஸ்டீராய்டு எடுத்திருந்தால், கொரோனா காலத்தில் எடுத்ததாக இருந்தாலும், மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டாலோ, வலியோடு காய்ச்சல் இருந்தாலோ, இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ விடியட்டும்னு காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.