அடுத்த வெட்டு எப்போது?

புயலுக்குப் பின் – 6

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஒரே இரவில் சாய்த்துப்போட்டது. புயல் வந்த விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அதற்குப் பிறகு அங்கே குடும்பம் நடத்துவது எத்தனை பெரிய பாடு என்பதை இந்த வாரம் பார்க்கலாம்.

முதல் சில வாரங்களின் கஷ்டம் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்திருந்தன. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். செல்போனுக்குக் காசு கொடுத்து சார்ஜ் போட்டார்கள். அண்டை மாநில மின் ஊழியர்களும் வந்து சேற்றில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். கரண்ட் வந்ததும் நிவாரண வண்டிகள் வருவது குறைந்தது. தோப்பை நம்பிய வீடுகளில் நெருக்கடி முற்றியது அதற்குப் பிறகுதான்.

தோப்பு அவர்களுக்குச் சம்பளம் மாதிரி. ஏறக்குறைய 45 நாளைக்கு ஒரு வெட்டு. "அடுத்த வெட்டுல தர்றேன்" என்றால் மளிகைக் கடையில் சாமான் கிடைக்கும். பிள்ளைகளின் ஃபீஸ், நகைக்கடன் வட்டி எல்லாம் அந்தத் தவணையில்தான் ஓடும். மொய்விருந்து நடக்கிற ஊர்கள் வேறு. நோட்டில் எழுதிய மொய்யைத் திருப்பிச் செய்தாக வேண்டும்; புயல் அடித்தது என்று அது தள்ளுபடியாகாது.

அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் அறிவித்தது. அப்புறப்படுத்துவது லேசான வேலையில்லை. கிடந்து மக்குகிற மரத்தில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். வளர்ந்த வண்டு, புதிதாக நட்ட கன்றின் விரியாத குருத்தைக் குடைந்து உள்ளே போகும். ஓலை விரியும்போது கத்தரியால் நறுக்கியது போலிருக்கும். குருத்து அழுகினால் கன்று போய்விடும். பழைய மரத்தை எடுக்கக் காசில்லாதவர், புதிய தோப்பையும் பறிகொடுக்க நேர்ந்தது.

கன்று தப்பினாலும் நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருடம். அதுவரை ஊடே உளுந்தும் கடலையும் போட்டுச் சமாளிக்கலாம். சொந்த நிலம் உள்ளவருக்கு அந்த வழியாவது உண்டு. மரமேறிக் காய் பறித்தவர், மட்டை உரித்தவர், கீற்று முடைந்த பெண்கள் ஆகியோரின் பெயரில் ஒரு மரமும் இல்லை. அதனால் மரக்கணக்கில் கொடுத்த நிவாரணத்தில் இவர்களுக்கு இடமே இல்லாமல் போனது. அவர்கள் இழந்ததும் அதே தோப்பைத்தான்.

எனவே தென்னைக்கான நிவாரணம் முதல் வெட்டு வரும்வரை ஆண்டுதோறும் கிடைக்க வேண்டும். மரங்களை எண்ணும்போதே அந்தத் தோப்பில் கூலி வாங்கியவர்களையும் எண்ண வேண்டும். அடுத்த புயலுக்கு முன்பே இதை விதியாக எழுதிவைப்பது அரசின் கடமை.

அடுத்த வாரம், சேறு படிந்த வேதாரண்யம் உப்பளங்களுக்குப் போவோம்.

(தொடரும்)