வெட்டும் முன் ஒரு குச்சி

கேரளத்தின் வடபகுதியில், கண்ணூர் மாவட்டத்தில் கண்ணபுரம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் பழைய மாமரங்களுள் பல, யாரோ தின்று எறிந்த கொட்டையிலிருந்து தாமாக முளைத்தவை. ஒரு மரத்தின் பழத்தில் நார் மிகுதி; மற்றொன்றில் சாறு மிகுதி. ஒன்று ஊறுகாய்க்கு ஏற்றது. ஒன்று பழுத்தபின் குழம்பில் இடத் தக்கது.

அவ்வூரில் 'வெள்ளத்தான்' என வழங்கப்பட்ட மிகப் பழைய மாமரம் ஒன்று வெட்டப்பட்டபோது, அதன் கிளைநுனிகளைச் சிலர் சேகரித்து, இளங்கன்றுகளின்மீது ஒட்டுக்கட்டினர். மரம் மறைந்தது; அதன் வகை மறையவில்லை. பின்னர் ஆர்வலர்கள் ஒன்றுகூடி வீடு வீடாகச் சென்று மரங்களைக் கணக்கெடுத்தனர். குறுவக்காவு என்னும் ஒரு சிறு பகுதியிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட நாட்டு மாவகைகள் இருப்பது தெரியவந்தது. 2020ஆம் ஆண்டில் அப்பகுதி நாட்டு மாமரங்களின் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

ஒரு வகையைக் காக்கக் கொட்டையை நட்டால் போதாதா? பெரும்பாலும் போதாது. மாம்பூக்களுக்கு ஈக்களும் பிற பூச்சிகளும் மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. தாய்மரம் எது என்பது தெரியும். மகரந்தம் எம்மரத்திலிருந்து வந்தது என்பது தெரியாது. வட இந்திய வகைகள் பெரும்பாலானவற்றில் ஒரு கொட்டைக்குள் ஒரே கருதான் உண்டு. அதில் இரு மரங்களின் பண்புகளும் கலந்திருப்பதால், முளைக்கும் கன்று தாயை ஒத்த பழத்தைத் தரும் என்று நம்ப இயலாது. கேரளத்து வகைகள் பலவற்றில் ஒரே கொட்டையிலிருந்து பல முளைகள் எழும். அவற்றுள் பல தாயை அப்படியே ஒத்தவை. எனினும் கலப்பால் பிறந்த முளை எது என்பதைக் கண்ணால் பார்த்துக் கூறுவது அரிது. இவை தவிர மற்றோர் இடரும் உண்டு. மரம் வெட்டப்படும் நாள் மாம்பழக் காலத்துக்காகக் காத்திருப்பதில்லை. சாலையை அகலப்படுத்தவோ, வீடு கட்டவோ, கேரள வழக்கப்படி ஈமச்சடங்கின் விறகுக்காகவோ எந்த மாதத்திலும் கோடரி விழலாம். அன்று மரத்தில் பழம் இராது, கிளை இருக்கும்.

கிளையிலிருந்து வளரும் மரம் தாயின் தொடர்ச்சியே ஆகும். லக்னோவுக்கு அருகில், காகோரியை அடுத்த தசேரி என்னும் சிற்றூரில் 'தசேரி' வகையின் தாய்மரம் எனப் போற்றப்படும் மரம் நிற்கிறது. கோடைதோறும் தில்லிச் சந்தையில் குவியும் தசேரிப் பழங்கள் அம்மரத்தின் கிளைவழி வந்த உறவினர்கள் எனலாம்.

ஒட்டுக்குச்சி எடுப்பதில் பொறுமை வேண்டும். சில மாதங்கள் முதிர்ந்த, நோயற்ற கிளைநுனியைத் தேர்ந்து, அதன் இலைகளைக் காம்பு மட்டும் எஞ்சுமாறு நறுக்கிவிடுவர். ஒரு வாரம், பத்து நாள்களில் நுனிமொட்டு பருக்கும். அப்போது ஒரு சாண் அளவுக்கும் குறைவான குச்சியாக வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, நெகிழிப் பையில் இட்டு எடுத்துச் செல்வர். மரம் நாளையே விழப்போகிறது என்றால் இந்த ஒழுங்கையெல்லாம் பார்க்க முடியாது. கிடைத்த குச்சிகளை எடுத்துக்கொண்டு விரைய வேண்டியதுதான்.

குச்சி காயுமுன் ஒட்டுக்கட்டிவிட வேண்டும். கொட்டையிலிருந்து முளைத்த இளங்கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளப்பர். குச்சியின் அடியை ஆப்புப்போல் இருபுறமும் சீவி அப்பிளவில் செருகுவர். இரண்டின் பட்டைகளுக்கும் கீழே உள்ள பசிய திசுக்கள் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடாவிட்டால் ஒட்டு பிடிக்காது. பின்னர் நெகிழி நாடாவால் இறுகக் கட்டி, ஈரம் காக்க மேலே ஒரு சிறு உறை இடுவர். இரண்டு மூன்று வாரங்களில் புதுத்தளிர் தோன்றினால் மரம் பிழைத்தது என்று பொருள். ஓரிரண்டு குச்சிகள் பட்டுப்போவது இயல்பு. ஆதலால் ஒரு மரத்திலிருந்து பல குச்சிகளை எடுப்பர்.

பிடித்த கன்றுகளை ஒரே தோட்டத்தில் வைத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது. ஒரு புயலோ ஒரு நோயோ அனைத்தையும் அழித்துவிடக்கூடும். எனவே வெவ்வேறு ஊர்களில் உள்ளவர்களுக்குக் கன்றுகளைப் பகிர்ந்தளிப்பது சிறந்தது. பெற்றவர் சில ஆண்டுகளில் தம் மரத்திலிருந்து குச்சி கொடுக்கத் தொடங்குவார். உத்தரப் பிரதேசத்து மலிஹாபாத்தில் ஹாஜி கலிமுல்லா கான் ஒரே மரத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகளை ஒட்டுக்கட்டி வளர்த்தது பெரும் வியப்புக்குரியது. அவருக்கு 2008இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. ஆயினும் வகைகளின் பாதுகாப்புக்கு ஒரு மரத்தைவிடப் பல முற்றங்களே ஏற்றவை.

பழைய வகைகள் எஞ்சியிருந்தால்தான் புதியவை பிறக்கும். தில்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ஆம்ரபாலி', வடக்கின் தசேரியும் தெற்கின் நீலமும் கலந்து பிறந்தது. தமிழ்நாட்டுச் சந்தைகளில் பருவத்தின் இறுதியில் வரும் அதே நீலம்தான் அது.

கன்றைக் கொடுக்கும்போது அதனுடன் ஒரு சீட்டும் கட்டப்பட வேண்டும். வகையின் பெயர், தாய்மரம் நின்ற இடம், ஒட்டுக்கட்டிய நாள் ஆகியவை அதில் இருக்கும். பெயர்களே சில வேளைகளில் வகையின் இயல்பைச் சொல்லிவிடும்: கேரளத்தின் 'மூவாண்டன்', மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கக்கூடியது என்பதால் அப்பெயர் பெற்றது. தமிழ் அறிந்தவருக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. சீட்டு மழையில் அழிந்துவிட்டால், முதல் பழம் பழுக்கும்வரை அக்கன்று எவ்வகை என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே தகட்டில் ஆணியால் கீறி எழுதிக் கட்டுவது நல்லது.