கடையில் இருந்து ஒரு நேரச் சாப்பாடு

காலையில் வெளிக்கிட்டு யாழ்ப்பாணம் போய், அலுவல் முடித்துப் பின்னேரம் திரும்புகின்ற எங்கள் பெண்களிடம், "மத்தியானம் எங்கே சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "வீட்டை வந்துதான் சாப்பிட்டனான்" என்று அநேகமானோர் சொல்வார்கள். நானும் நீண்ட காலம் அப்படியே சொல்லி வந்தேன். அதை ஒரு நல்ல பழக்கம் என்றுகூட நினைத்திருந்தேன்.

2009 மே மாதத்திற்குப் பிறகு என் கணவரைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. முகாமிலிருந்து நெல்லியடிப் பக்கம் உள்ள எமது ஊருக்குத் திரும்பிய நாள் முதல், விண்ணப்பம், விசாரணை, கையொப்பம் என்று அலைவதே என் வேலையாயிற்று. 2010 இல் ஒருநாள் ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு 750 ஆம் இலக்க பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். அலுவல் முடிய ஒரு மணி கடந்துவிட்டது. பிள்ளை பசியில் சோர்ந்துபோனாள். கையில் காசு இருந்தது. துணிந்து ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் போய் முன் மேசையில் இருந்தோம்.

கடை நிறைய ஆண்கள். பரிமாறுகின்ற தம்பி வந்து, "அக்கா, உள்ளுக்கை போய் இருங்கோ, பமிலி றூம் இருக்கு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சீலை தொங்கவிட்ட சிறிய அறை அது. ஒரு மூலையில் அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். மின்விசிறி இல்லை. அரை மணித்தியாலம் காத்திருந்தோம். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கூப்பிடவும் எனக்கு நா எழவில்லை. "அம்மா, எங்களை மறந்திட்டினமோ?" என்று மகள் கேட்டாள். எழுந்து வெளியே வந்து, இரண்டு பணிஸ் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் வைத்து அவளுக்குக் கொடுத்தேன். நான் சாப்பிடவில்லை.

அதன்பின் வெளியில் போகின்ற நாட்களில் சாப்பிடுவதையே விட்டுவிட்டேன். மலசலகூடத்துக்கு எங்கே போவது என்ற பயத்தில் தண்ணீரும் குடிப்பதில்லை. 2016 இல் ஒருநாள் அலுவலக வரிசையில் நின்றபோது உடம்பு வியர்த்து, கை நடுங்கி, அப்படியே விழுந்துவிட்டேன். எனக்குச் சலரோகம். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தேன். சலரோகத்துக்குக் கொடுக்கின்ற சில மாத்திரைகளைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சீனியின் அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும் என்று வைத்தியர் விளக்கினார். "வெட்கமோ, உயிரோ பெரிசு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். எங்கள் மண்ணில் கடையில் யார் இருந்து சாப்பிடலாம் என்பது ஒரு காலத்தில் சாதியால் தீர்மானிக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தேநீர்க் கடைகளில் கதிரை இல்லை. வெளியே நின்று, தகரப் பேணியிலோ போத்தலிலோதான் குடிக்க வேண்டும். பொது இடங்களில் இவ்வாறு ஒதுக்குவது குற்றம் என்று 1957 ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனாலும் கடைகள் மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21 ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்திற்கு மக்கள் ஊர்வலமாகச் சென்றார்கள். அதைத் தொடர்ந்து சங்கானை முதலிய இடங்களில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. அடியுதை பட்டும் உயிரைக் கொடுத்தும்தான் அந்தக் கதிரைகள் பெறப்பட்டன.

பெண்களாகிய எம்மை அப்படி ஒருவரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. "தனியக் கடையிலை இருந்து சாப்பிடுறாள்" என்ற ஒரு பேச்சே போதுமானதாக இருந்தது. கணவன் இல்லாதவள் என்றால் அந்தப் பேச்சு இன்னும் கூடும்.

ஆனால் அதே கடைகளில் விற்பனையாகும் சாப்பாட்டைச் செய்வது யார்? என் பக்கத்து வீட்டு அக்கா விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிக்கிறா. ஆறு மணிக்கு முன் கடைக்காரர் வந்து எண்ணி எடுத்துக்கொண்டு காசு கொடுப்பார். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் பல கடைகள் பூட்டிக் கிடந்தன. அவவின் விறகடுப்பு மட்டும் அணையவில்லை. பருத்தித்துறையில் தோசைச் சந்து என்றே ஒரு ஒழுங்கை இருக்கிறது. அங்கே பெண்கள் வீட்டிலிருந்தபடியே தோசை சுட்டு, சிறு சாளரத்தினூடாக விற்கிறார்கள். வாங்குபவருக்குக் கைதான் தெரியும், முகம் தெரியாது.

இப்போது என் மகள் யாழ். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். 2023 இல் ஒருநாள், "அம்மா, இண்டைக்கு நான் உங்களுக்குச் சாப்பாடு வாங்கித் தாறன்" என்று திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சி உணவகத்திற்குக் கூட்டிக்கொண்டு போனாள். வட மாகாண விவசாயத் திணைக்களத்தின் ஏற்பாட்டில் பெண்களே நடத்துகின்ற பாரம்பரிய உணவகம் அது. தெற்கில் 'ஹெல பொஜுன்' என்று நடைபெறுவனவற்றை ஒத்தது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும்கூட அம்மாச்சி உணவகங்கள் இருக்கின்றன.

உள்ளே போனதும் முதலில் என் கண்ணில் பட்டது அடுப்புகள். சமையல் மறைவில் நடக்கவில்லை. வரிசையாகப் பெண்கள் நின்று, எங்கள் கண் முன்னே தோசை சுடுகிறார்கள், புட்டு அவிக்கிறார்கள், வடை பொரிக்கிறார்கள். நாங்களே போய்க் கேட்டு, காசைக் கொடுத்து வாங்க வேண்டும். "உள்ளுக்கை போய் இருங்கோ" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. மாணவர்கள், கந்தோர் ஆட்கள், வயதானவர்கள் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டார்கள். குரக்கன் புட்டு வாங்கினேன். கொடுத்த பெண், என் வயதுதான் இருக்கும், "காணுமோ அக்கா? இன்னும் கொஞ்சம் சம்பல் வைக்கட்டோ?" என்று கேட்டா. சமைத்த கையாலேயே பரிமாறி, காணுமோ என்று கேட்டு, நான் இருந்து சாப்பிட்டது எத்தனை வருடத்திற்குப் பிறகு என்று எண்ணிப் பார்த்தேன். கண் கலங்கியதை மகள் கண்டுவிட்டாள். சம்பல் உறைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

அன்றிலிருந்து பழகிக்கொண்டேன். மலாயன் கபே போன்ற பழைய சைவக் கடைக்கும் இப்போது தனியே போய், வாழையிலையில் சாப்பிட்டு வருகிறேன். முதல் இரண்டு தடவை எல்லோரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. மூன்றாம் தடவைதான் தெரிந்தது, அவரவர் தங்கள் இலையைத்தான் பார்க்கிறார்கள் என்று.

கடைக்குப் போகும் சகோதரிகள் சில விடயங்களைக் கவனித்துக்கொள்ளலாம். உணவு மூடி வைத்திருக்கிறதா, காசு வாங்கிய கையாலேயே சாப்பாட்டைத் தொடுகிறார்களா, குடிநீர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். விலையை முதலே கேட்பதில் வெட்கமில்லை. பழுது இருந்தால் சொல்லுங்கள். எமது ஊர்க் கடை ஒன்றில் சொதி புளித்திருந்தது. முன்பென்றால் அப்படியே விட்டுவிட்டு வந்திருப்பேன். இம்முறை முதலாளியிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் மன்னிப்புக் கேட்டு, பாத்திரத்தோடு ஊற்றிவிட்டு வேறு கறி வைத்தார். சொல்லியும் திருந்தாத கடையென்றால், அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் எங்களுக்கும் உரியதுதான். நல்லாயிருந்தால் அதையும் சொல்லிவிட்டு வாருங்கள். இரவிரவாக அவித்த ஒருத்திக்கு அது போய்ச் சேரும்.

எல்லா நாளும் கடையில் சாப்பிட எங்களிடம் காசு இல்லை. வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவதும் நல்லதே. ஆனால் அலைச்சல் நாட்களில் பட்டினி கிடப்பதைக் கெட்டித்தனமாக நினைக்காதீர்கள். காணாமற்போனவரைத் தேடுகின்றவளுக்கும் பசிக்கும். அவள் நடமாட வேண்டும், கையொப்பம் வைக்க வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு உடம்பில் பலம் வேண்டும்.

வருகிற மாதமும் எனக்கு ஒரு விசாரணைக்குக் கடிதம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். இத்தனை வருடமாகக் கடைகளுக்கு இடியப்பம் கொடுக்கின்ற அவ, இன்றுவரை ஒரு கடையில் இருந்து சாப்பிட்டதில்லையாம். "எனக்கு என்னத்துக்கடி?" என்றுதான் முதலில் சொன்னா. பிறகு, "முன் மேசையிலை இருக்கலாமோ?" என்று கேட்டா.

இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.